'க' என்ன சத்தம் போடும்?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று. வேலை, குளிர், சோம்பேறித்தனம் மூன்றின் மேலும் சமமாகப் பழி போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு எழுத உட்கார வைத்தது என் மகள். ஆறு வயது. இங்கே ஸ்விண்டனில் இயர் ஒன் படிக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது (ஆசிரியர்: நான். மாணவர் எண்ணிக்கை: ஒன்று. வருகை: கட்டாயம்!). சின்னச் சின்ன வார்த்தைகளாக எழுதிக் கொடுத்திருந்தேன். 'கல்' படித்தாள். 'பல்' படித்தாள். 'பகல்' வந்தது. 'பக்கல்' என்றாள்.

"பக்கல் இல்லடா, பகல்."

"நீதானே சொன்ன, இந்த லெட்டர் க-ன்னு?"

"ஆமா. ஆனா இங்க க இல்ல..." அந்த மெத்தென்ற சத்தத்தைச் சொல்லிக் காட்டினேன். இந்த வித்தியாசத்தை உங்களுக்கு எழுதிக் காட்டலாம் என்றால், அதற்குத் தமிழில் தனி எழுத்து கிடையாது. நீங்களே வாய்விட்டு ஒருதடவை சொல்லிப் பாருங்கள். 'பக்கம்', 'பகல்', 'பங்கு'. மூன்று இடத்திலும் ஒரே 'க'. மூன்றும் வேறு வேறு சத்தம்.

"அப்ப இந்த லெட்டர் என்ன சத்தம்தான் போடும்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழ் பேசுகிற ஆசாமி, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் அப்படிக் கேட்டதற்கு அவள் பள்ளிக்கூடம்தான் காரணம். இங்கே குழந்தைகளுக்கு எழுத்தின் பெயரை முதலில் சொல்லித் தருவதில்லை, சத்தத்தைத்தான் சொல்லித் தருகிறார்கள். 2006இல் ஜிம் ரோஸ் என்பவர் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்து முழுக்க இந்த ஃபோனிக்ஸ் முறைதான். 2012இலிருந்து இயர் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு சோதனையும் உண்டு. நாற்பது வார்த்தைகள். அதில் பாதி அர்த்தமே இல்லாதவை. பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் போட்டிருக்கும். குழந்தை மனப்பாடமாகச் சொல்கிறதா, எழுத்தைப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டிச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க அப்படி ஒரு தந்திரம்.

பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். அதில் டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம்: "வீட்டில் சொல்லித் தரும்போது 'ப' என்று சொல்லாதீர்கள், 'ப்' என்று மட்டும் சொல்லுங்கள். கூட ஒரு உயிர்ச் சத்தம் ஒட்டிக்கொண்டால் குழந்தையால் கூட்ட முடியாது." பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தகப்பன் 'ப', 'ப' என்று திணறிக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரே பெருமை. யோவ், எங்க ஊரில் இதற்கென்று ஒரு புள்ளியே வைத்திருக்கிறோம், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. தமிழில் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வாரத்து வேலை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அந்தக் கர்வத்தைத்தான் மேற்படி 'பகல்' வந்து கவிழ்த்தது.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வார்த்தைகளாக எழுதிப் பார்த்தேன். குழப்பம் இல்லை, ஒழுங்குதான். வார்த்தையின் முதலில் வந்தால் வல்லினம் கெட்டியாக நிற்கும்: கல், தலை, பல். இரட்டித்தாலும் அப்படித்தான்: பக்கம், பட்டம், பத்து, அப்பம். அதன் இன மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் தொண்டை அதிரும்: பங்கு, வண்டி, பந்து, பாம்பு. இரண்டு உயிர்ச் சத்தங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இளகிவிடும்: பகல், படம், பாதை, கோபம். 'ச' மட்டும் கொஞ்சம் வம்பு. 'பச்சை'யில் ஒன்று, 'பஞ்சு'வில் ஒன்று, 'பசி'யில் ஒன்று.

இவ்வளவு சுத்தமான விதியை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. ஏன் என்று யோசித்தால், அவசியமே இருந்ததில்லை. இங்கேதான் ஊர்க் கதைக்குப் போக வேண்டும்.

எனக்கு ஊர் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அந்தப் பக்கம் போனால் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் போனால் சித்தூர். சித்தூர் பழைய கொச்சி ராஜ்ஜியம், பாலக்காடு மலபார் ஜில்லாவோடு மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. 1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது எல்லாம் கேரளம் ஆயிற்று. எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் கோயமுத்தூர்ப் பேச்சாகவே நின்றுவிட்டது. என் மனைவி வண்டிப்பெரியாறு. தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அது திருவிதாங்கூரிலிருந்து வந்த பங்கு. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்று பெரிய சண்டையெல்லாம் நடந்த இடம். (நாங்கள் இரண்டு பேரும் 'எல்லை'க் காதலர்கள் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.)

கேரள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை தமிழ் டிவிஷன். 1992இல் ஐந்தாம் வகுப்புக்கு வேறு ஸ்கூல் போனபோது அப்பா மலையாள மீடியத்தில் சேர்த்தார். நாளைக்கு வேலை கிலை என்றால் மலையாளம்தானே உதவும் என்று கணக்கு. தப்பில்லை. ஆனால் எனக்கு முதல் மாதம் நரகம். மலையாளத்தில் 'க' நான்கு. 'ப' நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி உருவம். பேச்சில் எல்லாம் எனக்குத் தெரியும், சந்தையில் சரளமாகப் பேசுவேன். புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது ககரத்தை முதல் ககரமாகப் படிப்பேன். கூடப் படித்த ஒரு கோபியின் பெயரை வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னார்கள். கெட்டிக் ககரம் போட்டு, பகரத்தையும் கெட்டியாக்கி, கிட்டத்தட்ட 'கோப்பி' என்று படித்தேன். காப்பி, காப்பி என்று வகுப்பே சிரித்தது. சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டிய ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். எந்தப் பள்ளி, யார் என்றெல்லாம் வேண்டாம், விடுங்கள்.

அதே மலையாளம்தான் எனக்கு 'ழ'வையும் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொன்னவர் யாரும் இல்லை. 'மழ', 'புழ' என்று மலையாள டீச்சர் நாக்கை மடித்துக் காட்டியபோதுதான் எங்கள் எழுத்து எங்களுக்கே திரும்பக் கிடைத்தது. 'ங'வும் அப்படித்தான். தமிழ் அட்டையில் ஙானாவுக்குப் போடப் படமே கிடைக்காமல் பாவமாக நிற்கும். மலையாளத்தில் தேங்காய் தேங்ங, மாங்காய் மாங்ங. கடைத்தெருவெல்லாம் அதன் ராஜ்ஜியம்!

இனி சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் சேலக்கோடன் ஆயிஷா என்கிற, அப்போதுதான் எழுத்து கற்றுக்கொண்ட அம்மையார், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்தார். அந்தக் கணக்கில் அம்மா எந்தப் பக்கம் இருந்தாங்களோ தெரியாது. சாயங்கால வகுப்பு நேரமும் எருமை கறக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது. அம்மா எழுத்து கற்றுக்கொண்டது என்னிடம்தான். ராத்திரி நான் சிலேட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருவாங்க. எனக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி அவங்களும் எழுதுவாங்க.

அம்மா படிக்கிற விதம் இன்னும் காதில் இருக்கிறது. 'ப... க... ல்' என்று ஒவ்வொன்றாகக் கெட்டியாகச் சொல்வாங்க. அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருப்பாங்க. பிறகு சட்டென்று, "ஆ, பகலு!" சரியான மெத்தென்ற ககரத்தோடு வரும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இந்த வயதில்தான் புரிந்தது. எழுத்து கொடுத்தது ஒரு கரடுமுரடான சத்தம். அதைக் காதில் ஏற்கெனவே இருக்கிற வார்த்தைகளோடு ஒட்டிப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை நாக்கு எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு விதி தேவைப்படவில்லை, வார்த்தை தெரியும். என் மகளுக்குப் 'பகல்' என்ற வார்த்தையே தெரியாது! வீட்டில் நாங்கள் 'டே டைம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவள் எதோடு ஒட்டிப் பார்ப்பாள்? அவளைப் பொறுத்தவரை அதுவும் வேற்றுக்கிரகப் பிராணி படம் போட்ட வார்த்தைதான்.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். பிரேசிலில் பாவ்லோ ஃபிரேரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் கூலித் தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுத்தபோது அகரவரிசையில் தொடங்கவில்லை. அவர்கள் தினமும் புழங்கும் வார்த்தைகளை எடுத்து, அசை அசையாகப் பிரித்துச் சொல்லித் தந்தார். 'செங்கல்' அவர் முறைக்கு அடையாளமாகவே ஆகிவிட்ட வார்த்தை. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கத்தின் பாடம் 'பட்டா' என்ற வார்த்தையில் ஆரம்பித்தது. அனா ஆவன்னா இல்லை, நிலப் பட்டா! காதிலும் வயிற்றிலும் ஏற்கெனவே இருக்கிற வார்த்தை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். உயிர்மெய்யில் பாதி தூரம் வந்திருந்தாங்க. தமிழ் போர்டு போட்ட பொள்ளாச்சி பஸ்ஸைத் தானே படித்து ஏற ஆரம்பித்திருந்தாங்க. அப்போதுதான் நான் ஐந்தாம் வகுப்பு போனேன். காப்பி சம்பவம் நடந்த அன்று ராத்திரி அம்மா வழக்கம்போல் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தாங்க. நான் சொன்னேன், "போம்மா, தமிழ் படிச்சு என்ன ஆவப்போவுது." பத்து வயசுப் பையன். அதே வாயால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிலேட்டை அட்டாலியில் வைத்துவிட்டாங்க. அதற்கப்புறம் இறக்கவே இல்லை. 2008இல் நான் இங்கே வந்த பிறகு ஊரிலிருந்து வந்த இரண்டு மூன்று கடிதங்களும் பக்கத்து வீட்டு அக்கா கையெழுத்தில்தான் வந்தன.

மகள் 'பக்கல்' என்றதும் எனக்கு அட்டாலி ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை அல்லவா?

அடுத்த ஞாயிறு 247 எழுத்து அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினேன். மனைவிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவளுக்கு அட்டை வேண்டும், எனக்கு வேண்டாம். கடைசியில் மகளுக்கு வாயில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தைகளாக ஒரு பட்டியல் போட்டோம்: அம்மா, அப்பா, பாப்பா, மாமா, தட்டு, பாட்டு, படம், பட்டம், மாடு. ட, ப, ம, த. கோணல் குறைந்த, எழுதச் சுலபமான எழுத்துகள். இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினோம்.

திறவுகோலாக அமைந்தது 'படம்', 'பட்டம்' ஜோடிதான். தொண்டையில் கை வைத்துக்கொண்டு இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். 'படம்' சொல்லும்போது அதிர்வு நிற்காமல் ஓடுகிறது. 'பட்டம்' சொல்லும்போது நடுவில் ஒரு கணம் அடங்கிப் பிறகு வருகிறது. அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் வீட்டில் எல்லோர் தொண்டையிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே திரிந்தாள்.

குறில் நெடில் மனைவியின் துறை. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. கல், கால். படம், பாடம். "ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரை" என்று அவள் சொல்ல, "யாருக்குக் காய்ச்சல்?" என்று இவள் கேட்க, அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது :-)

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. 'கெ' எழுதினால், ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகச் சத்தம் கூட்டிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. "கொம்பு காவலுக்கு வந்த போலீஸ், முன்னாடி நடக்கும், ஆனா பேசாது" என்று ஒரு கதை விட்டிருக்கிறேன். உகரம் அடுத்த தலைவலி: கு, சு, டு, பு, மு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால். மலையாளத்தில் 1971 சீர்திருத்தத்தில் உகரக் குறியைத் தனியாகப் பிரித்து எல்லா எழுத்துக்கும் ஒன்றாக்கிவிட்டார்கள். நாம் 1978இல் ணா, றா, னாவையும் லை, னைகளையும் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டோம். பிறகு 'தோசை', 'பொம்மை' என்று விதிக்கு அடங்காத ரௌடிகள். முதலெழுத்தே மெத்தென்று வந்து நிற்கும். "அது வேற வீட்டுப் பிள்ளை" என்று சொல்லித் தாண்டிவிட்டோம். இன்னொன்று, அவசரப்படாதீர்கள். கன்னடக் குழந்தைகள் படிக்கக் கற்பதை ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நம் மொழிகளின் எழுத்துப் பட்டியல் நீளம் என்பதால் பிடிபட மூன்று நான்கு வருஷம்கூட ஆகிறது. உங்கள் பிள்ளை மக்கு இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள் அம்மாவோடு வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது மகள் தன் நோட்டைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். 'பட்டம்' என்று எழுதியிருந்தது. "அப்பத்தா, படி!"

எனக்குத் திக் என்றது. பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாங்க. போனைக் கிட்டே கொண்டுபோய், தூரம் கொண்டுபோய், "ப... ட்... ட..." என்று ஆரம்பித்து, அந்தப் பழைய சும்மா இருக்கிற நேரம். "பட்டம்!"

"எப்படி ட்ட-ன்னு தெரிஞ்சுது?" என்றாள் மகள்.

"புள்ளி வெச்சிருக்குதல்ல கண்ணு. புள்ளி வந்தா நாக்கு நின்னுட்டுப் போவோணும். இல்லாட்டி ஓடிரோணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அட்டாலியில் கிடந்த விதி. காகிதமும் பேனாவுமாக நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிட்டாங்க. இதை அம்மா தானே கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் சொல்லித் தரவில்லை, எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாணவர் எண்ணிக்கை இரண்டு. இங்கே காலை பத்து மணி, அங்கே மதியம் மூன்றரை. மகள் எழுதிக் காட்டுவாள், அம்மா படிப்பாங்க. தெரியாத உயிர்மெய் வந்தால் இருவரும் சேர்ந்து என்னிடம் கேட்பார்கள். 'ணை'யில் அம்மா தடுக்கி நின்றபோது, இதைத்தான் அன்றைக்கு சொல்லித் தராமல் விட்டோம் என்று கணக்கு தெரிந்தது. மன்னிப்பு கேட்கலாம் என்று ஒருமுறை ஆரம்பித்தேன். "எதுக்குடா இப்ப அந்தப் பழங்கதை, புள்ளய எழுதச் சொல்லு, கறவைக்கு நேரமாச்சு" என்று வெட்டிவிட்டாங்க.

போன வாரம் மகள் முதன்முதலாகத் தானே ஒரு சேதி எழுதினாள். யாரும் உதவி செய்யவில்லை. ஒரு தாளில் கோணல்மாணலாக எழுதி, போட்டோ எடுத்து அப்பத்தாவுக்கு அனுப்பிவிட்டாள். அப்புறம்தான் என்னிடம் காட்டினாள். 'பூனை குடி போட்டுச்சா'. ஊரில் மாட்டுத் தொழுவத்துப் பூனை சினையாக இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாங்க, அந்த விசாரணை. திருத்தி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

எடுத்த எடுப்பில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாங்க. "என்ன கண்ணு, நம்ம பூனை குடிக்குதாங்கறயா? டானாவுக்கு முன்னாடி புள்ளி வெச்ச டானா ஒண்ணு உட்டுப்போச்சு பாரு. நாக்கு நிக்கலை."

மகள் ஓடிப்போய்ப் பென்சில் எடுத்து வந்து நடுவில் ஒரு ட் சொருகினாள்.

"இப்பச் செரி. மூணு போட்டிருக்குது சாமி. ரெண்டு கருப்பு, ஒண்ணு வெள்ளை."